உண்ணிச்செடி யானைகள்

உண்ணிச்செடி யானைகள் என்பவை, லன்டானா கமரா என்னும் அயல் களைச்செடியின் தண்டுகளைக் கொண்டு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் வட்டாரப் பழங்குடிக் கைவினைஞர்கள் உருவாக்கிவரும், உண்மையான யானைகளின் அளவிலேயே அமைந்த சிற்பங்களாகும்.

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புதர்ச்செடி, பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, கனியைத் தின்ற பறவைகளின் எச்சத்தின் வழியே வேலி தாண்டிப் பரவியது. மரம் வெட்டியும் தோட்டப்பயிருக்காகக் காட்டைத் திருத்தியும் மனிதர் வெயில் விழச்செய்த இடங்களில் அது விரைந்து அடர்ந்ததால், புல்லும் நாட்டு மரக்கன்றுகளும் ஒடுங்கி, தாவர உண்ணிகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது. இந்தியப் புலி வாழிடங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பை இச்செடி பற்றியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

இத்தண்டு கலைப்பொருளாவதற்கு முன்பே கைத்தொழில் பொருளாகிவிட்டது. கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் வாழும் சோளகர், பெங்களூருவின் அட்ரீ ஆய்வு நிறுவனம் அளித்த பயிற்சியைக் கொண்டு, மூங்கிலுக்கு மாற்றாக இதில் அறைகலன்கள் செய்துவந்தனர். கூடலூரில் சூழலியல் ஆய்வாளர் தர்ஷ் தேக்கேகரா, ஓவியர் சுப்ரா நாயர் முதலியோரின் முயற்சியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய சமூகத்தினர் சிற்பப்பணியில் இறங்கினர். வெட்டிய தண்டை வேகவைத்துப் பட்டையுரித்து, இளக்கம் போகுமுன் இரும்புக்கம்பிச் சட்டகத்தின் மேல் வளைத்து, தசையின் போக்குக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிப் பொருத்துகின்றனர். ஒவ்வொரு சிற்பமும் அவ்வட்டாரத்தில் உலவும் குறிப்பிட்டதொரு யானையை மாதிரியாகக் கொண்டது. ஆகவே இவற்றைப் பொதுவான விலங்குச் சிலைகள் என்பதைவிட, அண்டை வீட்டாரின் உருவச்சிலைகள் என்பதே பொருந்தும். தேயிலைத் தோட்டத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே நடமாடப் பழகிக்கொண்ட இக்காட்டுயானைகளைக் கைவினைஞர்கள் அன்றாடம் கண்டறிந்தவர்கள்.

2021இல் இலண்டனின் அரச பூங்காக்களிலும், 2024இன் தொடக்கத்தில் பெங்களூரு லால்பாக்கிலும் இவை நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் 100 யானைகள் கொண்ட மந்தை அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்கரை நகரிலிருந்து புறப்பட்டு நியூயார்க், மயாமி எனச் சென்றது. சிற்பங்களை விற்றுக் கிடைக்கும் தொகை, மனிதரும் காட்டுயிரும் இணைந்து வாழ்வதற்கான பணிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. களையை ஒழிக்கும் வழியாக இதைக் கருதுவது மிகை. சிற்பங்களுக்குத் தேவைப்படும் தண்டு, காட்டில் உள்ளதில் அற்பப் பங்கே. வேரோடு பிடுங்காத இடத்தில் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே செடி மீண்டும் துளிர்த்துவிடுகிறது.