கரிசலுக்கு வந்த சங்கும் வராத சதையும்: கடம்பூர் – தூத்துக்குடி வட்டாரத்தில் சிப்பியுணவுச் சுவைவேறுபாட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாவில் எடுக்கப்பட்ட சங்கும் சிப்பியும் அணிகலன், மருந்து, சுண்ணாம்பு, சடங்குப் பொருள் ஆகிய வடிவங்களில் கரிசல் ஊர்களை அடைந்தன. அவற்றின் சதையோ கடற்கரையிலேயே தங்கிவிட்டது. இவ்வேறுபாட்டைச் சமய விலக்கு ஒன்றினால் மட்டும் விளக்க இயலாது. ஓட்டுக்கு விலையும் சதைக்கு விலையின்மையும் வகுத்த வணிகமுறை, சதையின் கெடுந்தன்மை, உண்பவரின் சமூகநிலை ஆகிய மூன்றும் சேர்ந்து இச்சுவை எல்லையை உருவாக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சங்கு, முத்துச்சிப்பி, கரிசல், நெய்தல், கடம்பூர், உணவு வரலாறு

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டத்தில் கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் கடம்பூர். மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையும், கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். ஊரின் பெயரை வெளியூரார் நாவில் நிறுத்தியது கடம்பூர்ப் போளி. இங்கிருந்து தூத்துக்குடிக் கடல் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. மாட்டுவண்டி ஓரிரு நாளில் கடக்கக்கூடிய இத்தொலைவின் இருபுறமும் இருவேறு உணவுலகங்கள் நிலவின. கடற்கரையில் சங்குச் சதை குழம்பாகவும் வற்றலாகவும் உண்ணப்பட்டது. கரிசலிலோ சங்கு என்ற சொல் உணவை நினைவூட்டுவதே இல்லை.

ஐரோப்பாவில் ஸ்காலப் எனப்படும் விசிறி வடிவச் சிப்பி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஸ்பெயினின் சாந்தியாகோ திருத்தலத்திற்குச் செல்லும் பயணிகள் அதன் ஓட்டை இடைக்காலம் முதல் அடையாளமாக அணிந்தனர். அதன் சதையும் கலீசியா, பிரித்தானி, நார்மண்டி ஆகிய பகுதிகளில் உயர்ந்த உணவாக மதிக்கப்பட்டது. அங்கே ஓட்டின் புனிதமும் சதையின் சுவையும் ஒருங்கே நிலைபெற்றன. மன்னார் வளைகுடாவில் அவை பிரிந்தமைக்கான காரணங்களே இங்கு ஆராயப்படுகின்றன.

இலக்கண மரபில் கடலுணவு

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் ஒவ்வொரு திணைக்கும் உரிய உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வகுக்கிறது. முல்லைக்கு வரகு, சாமை, முதிரை ஆகியவை உரியன. நெய்தலுக்குக் கூறப்படுவதோ மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள்கள். கடலிலிருந்து நேரே எடுத்து உண்பது அவ்வரையறையில் இடம்பெறவில்லை. பண்டமாற்றில் வந்த தவசமே கடற்கரையின் உணவாகச் சுட்டப்படுகிறது.

இவ்வரையறை உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையிலான உறவைத் தெளிவாக்குகிறது. உப்பும் மீனும் உள்நாடு சென்றன. தவசம் கடற்கரைக்கு வந்தது. கம்மங்கூழும் கருவாடும் ஒரே கலயத்தில் சேர்ந்த கரிசல் உணவுமுறை இவ்வுறவின் தொடர்ச்சியே. ஆகவே கரிசல் மக்கள் கடலுணவை அறியாதவர் என்று கூறுதல் பொருந்தாது. கடலின் விளைபொருள்களுள் சில மட்டுமே வண்டியேறின என்பதே கருதத்தக்கது.

வண்டியேறிய ஓடு

கொற்கையில் 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, அவ்வூரின் பழமையைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது. அங்குக் கிடைத்த சங்குகளும் சிப்பிகளும் முத்துக்குளிப்புக்கும் சங்குத் தொழிலுக்கும் சான்றாகக் கொள்ளப்பட்டன. பிற்காலத்தில் சங்கு அரசின் வருவாய்ப் பொருளாயிற்று. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனக் கடற்கரையை ஆண்டோர் அனைவரும் அதன் மீது உரிமை கோரினர். குளியாளர் எடுத்த சங்குகள் அளவிடப்பட்டு, சிறியவை கழிக்கப்பட்டு, பெரியவை வங்காளத்து வளையல் தொழிலுக்கு அனுப்பப்பட்டன. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூல் இவ்வணிகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

கரிசல் ஊர்களுக்கும் ஓடு பல வழிகளில் வந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, இறப்புச் சடங்கில் ஊதும் சங்கு, கோயிலின் வலம்புரி, வெற்றிலைக்கும் சுவருக்கும் உதவிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆகியவை அவற்றுட் சில. சித்த மருத்துவத்தின் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பலகறை பற்பம் ஆகியவை புலால் உண்ணாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. நெருப்பில் நீறாக்கப்பட்ட ஓடு உயிரின் உடலாகக் கருதப்படவில்லை. கடல்வாழ் உயிரியின் ஒரு பகுதியை உட்கொள்வதில் தடை இல்லாத அவ்வீடுகளில் அதன் சதையை நினைப்பதே அருவருப்பாக இருந்தது. விலக்கின் எல்லை உயிரினத்தைச் சுற்றி வரையப்படவில்லை. ஓட்டுக்கும் சதைக்கும் இடையே வரையப்பட்டது.

கரையில் தங்கிய சதை

சங்குச் சதை கடினமானது. ஓட்டுடன் வேகவைத்துச் சதையை இழுத்தெடுத்து, குடற்பகுதியை நீக்கி, மெல்லிய துண்டங்களாக அரிந்து சமைப்பர். எஞ்சியதை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி வற்றலாக்கிப் பின் பொரித்து உண்பர். மட்டியைச் சமைப்பது எளிது. நீரில் கொதிக்க வைத்ததும் வாய் திறந்துவிடும். ஆனால் அதன் சதை வெப்பத்தில் சில மணிநேரத்திலேயே கெடத் தொடங்கும். பனிக்கட்டி இல்லாக் காலத்தில் உயிருள்ள மட்டியைக் கரிசல் வெயிலில் 40 கிலோமீட்டர் கொண்டு செல்வது இயலாத செயல்.

நச்சு அச்சமும் அடிப்படையற்றதன்று. இருசிப்பி உயிரிகள் நீரை வடித்து உண்பவை. நச்சுப் பாசிகள் பெருகும் காலத்தில் அந்நஞ்சு சதையில் சேரும். 1981இல் தமிழகக் கடற்கரையில் மட்டி உண்டதால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். எந்தப் பருவத்தில், எந்த நீரிலிருந்து எடுத்து உண்ணலாம் என்ற அறிவு கடற்கரையோரிடம் இருந்தது. அவ்வறிவு இல்லாத ஊரில் உணவு மட்டும் தனித்துப் பரவ முடியாது.

ஆயினும் கெடுந்தன்மை மட்டும் முழு விளக்கமாகாது. உலர்த்திய சங்குச் சதை கருவாட்டைப் போலவே பலநாள் நிற்கக்கூடியது. கருவாடு சந்தைக்கு வந்தது. சங்கு வற்றல் கடலோர ஊர்களுக்கு அப்பால் பெரிதும் செல்லவில்லை. இதற்கு வணிகமுறையை நோக்க வேண்டும். மீனுக்குச் சதையே விலை. சங்குக்கு ஓடே விலை. ஓடு அரசுக் கிடங்குக்குச் சென்றபின் எஞ்சிய சதை குளியாளர் வீட்டுக்குரிய மிச்சமாயிற்று. மிச்சமாகக் கருதப்பட்ட பொருளுக்கு வணிகரும் இல்லை, வண்டியும் இல்லை.

முத்துச்சிப்பியில் இந்நிலை இன்னும் கடுமையானது. குளிப்புக் காலத்தில் சில வாரங்களுக்குள் கோடிக்கணக்கான சிப்பிகள் கரையேறின. இலங்கைப் பக்கத்தில் 1905இல் நடந்த குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் கையால் திறத்தல் இயலாது. திறந்தால் முத்து களவுபோகும் அச்சமும் இருந்தது. எனவே அவை குவிக்கப்பட்டு அழுகவிடப்பட்டன. ஈப்புழுக்கள் சதையைத் தின்றபின் கழுவி முத்து பிரிக்கப்பட்டது. முத்துக்காகவே அச்சதை முழுதும் அழிக்கப்பட்டது. அதே சிப்பியினத்தை வளர்க்கும் ஜப்பானில், முத்து அறுவடையின்போது ஓட்டை மூடும் தசையைத் தனியே எடுத்து உண்கின்றனர். ஸ்காலப்பில் உண்ணப்படுவதும் இத்தகைய மூடுதசையே. ஆகவே மன்னாரில் அது உணவாகாமைக்குக் காரணம் உயிரியின் இயல்பன்று, முத்தெடுக்கும் முறையே.

சமயமும் சட்டமும்

16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்க்குச் சிப்பியுணவு தடையற்றது. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியே விலக்கப்பட்டது, கடலுணவு விலக்கப்படவில்லை. யூத மரபிலோ துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிரிகள் யாவும் விலக்கு.

தமிழ் முஸ்லிம்களிடையே காணப்படும் வேறுபாடு மேலும் நுட்பமானது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களில் ஷாஃபி சட்டமரபு மேலோங்கியது. நீரிலேயே வாழும் உயிரிகளை அது பொதுவாக அனுமதிக்கிறது. உள்நாட்டு இராவுத்தர்களிடையே மேலோங்கிய ஹனஃபி மரபு மீனை மட்டுமே அனுமதிக்கிறது. ஒரே சமயத்திற்குள்ளும் சிப்பி பற்றிய தீர்ப்பு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே மாறியது. அரபுக் கடல்வணிகத்தோடு ஷாஃபி மரபு வந்து கரையில் வேரூன்றியமையால், சட்ட எல்லையும் நில எல்லையும் பெருமளவு ஒன்றாயின.

நத்தையும் சமூகநிலையும்

கரிசலிலும் அதனை அடுத்த நன்செய் ஊர்களிலும் ஓட்டுயிரி உணவு அறவே இல்லாமலில்லை. கண்மாய், வயல் நத்தைகளை நீரில் இட்டுச் சேறு கக்கவைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்துச் சதையைக் குத்தியெடுத்துச் சமைப்பது உழைக்கும் மக்களின் வழக்கம். மூலநோய்க்கு மருந்து என்ற பெயரில் அது பிறர் வீடுகளுக்கும் சென்றது. விரும்பி உண்பதாகச் சொல்லத் தயங்கியோர் மருந்தாக உண்பதை ஒளிக்கவில்லை.

இத்தயக்கமே சிப்பிச் சதையின் மீதும் படிந்தது. நத்தை உண்பவர் என்பது இழிவுரையாக வழங்கிய சமூகத்தில் கடல்நத்தையான சங்கின் சதைக்கு மதிப்புக் கிடைப்பது அரிது. சங்கைக் கையால் தொட்டு வணங்கியோர், அதைக் கடலடியிலிருந்து மூச்சடக்கி எடுத்தவரின் உணவை இழிவாகக் கண்டனர். இம்முரண் உணவு வரலாற்றின் எல்லையைத் தாண்டியது. உழைப்புக்கும் அதன் பயனுக்கும் வழங்கப்பட்ட வெவ்வேறு மதிப்புகளை அது வெளிப்படுத்துகிறது.

இது தமிழர் அனைவரின் இயல்பும் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், குறும்பனை, கடியபட்டணம் முதலிய ஊர்களின் பாறைகளில் எடுக்கப்படும் சிப்பி, உள்நாட்டிலும் ஆவலோடு வாங்கப்படுகிறது. அச்சிப்பியின் ஓட்டுக்கு முத்தின் விலையோ வளையலின் விலையோ இல்லை. சதையே வணிகப் பொருள். கடலுக்கும் சந்தைக்கும் இடைத்தொலைவும் குறைவு. விலையும் தொலைவும் மாறியபோது சுவையும் மாறியதற்கு இது சான்று.

அண்மைக்கால மாற்றம்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்து ஓய்ந்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் இங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அதே பத்தாண்டில் உண்ணத்தக்க ஆளிச் சிப்பி வளர்ப்பு முறையும் தூத்துக்குடியில் சோதிக்கப்பட்டது. வளர்ப்பு நுட்பம் வெற்றி பெற்றபோதும் வட்டாரச் சந்தை எளிதில் விரியவில்லை. பனிக்கட்டியும் விரைவு ஊர்தியும் இறாலையும் கணவாயையும் கோவில்பட்டி வரை கொண்டு சேர்த்துவிட்டன. கணவாயும் சங்கின் இனமான மெல்லுடலியே. ஓடு வெளியே தெரியாமையால் அது மீனாக ஏற்கப்பட்டது. நத்தையின் இழிவு அதன் மீது படியவில்லை.

முடிவுரை

கடம்பூருக்கும் கடலுக்கும் இடையிலான சுவை எல்லை இயற்கையாக அமைந்ததன்று. ஓட்டை வருவாயாகவும் சதையை மிச்சமாகவும் பிரித்த ஆட்சிமுறை அதற்கு அடித்தளமிட்டது. வெப்பமும் தொலைவும் அதை நிலைநிறுத்தின. சமூக ஏற்றத்தாழ்வு அதற்கு அருவருப்பு என்னும் உணர்வை ஏற்றியது. அகழாய்வில் கிடைக்கும் சங்குக் குவியல்களை வளையல் தொழிலின் எச்சமாக மட்டும் காண்பதும் இப்பிரிவினையின் தொடர்ச்சியே. ஓட்டை அறுத்த கைவினைஞர்க்கு முன்னரே அதன் சதையை எடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரது அடுப்பையும் கணக்கில் கொள்ளும்போதே கொற்கையின் வரலாறும் அதன் பின்னிலமான கரிசலின் வரலாறும் நிறைவுபெறும்.