முயல் காலில் மாட்டிக்கிட்ட டைட்டானியம்

இன்னைக்கு எபிசோட் பல் இம்பிளாண்ட்டோட வரலாறு. ஆனா எங்க ஆச்சிகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆச்சிக்கு 76 வயசு, திருநெல்வேலியில இருக்காங்க. சிரிக்கும்போது முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க. வெட்கம்னுதான் வீட்டுல எல்லாரும் நினைச்சோம். ஏன்னு யாரும் கேட்டதில்லை.

சரி, இப்போ 1952-க்குப் போவோம். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகம். அங்கே பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர். பல் டாக்டர் இல்லைங்க. எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்கணும், அதுதான் அவர் வேலை. அதுக்காக முயலோட கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, மைக்ராஸ்கோப் வழியா கவனிச்சார். வேலை முடிஞ்சதும் கழட்டப் பார்த்தார், வரலை. எலும்பு அந்த உலோகத்தோட ஒட்டியே வளர்ந்திருந்தது.

வெளிப்பொருள் உள்ளே வந்தா, உடம்பு பொதுவா அதைச் சுத்தி ஒரு நார்ச் சவ்வு கட்டி ஒதுக்கி வைக்கும். டைட்டானியத்தோட மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கு. அதனால எலும்பு அதை ஒதுக்காம, நேரா அது மேலயே வளரும்.

1965-ல் கோதன்பர்க் நகரத்தில், யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் சிகிச்சை. பிறவியிலேயே தாடை சரியா அமையாதவர். மெல்றதும் கஷ்டம், பேசுறதும் கஷ்டம். அவரோட கீழ்த்தாடையில் டைட்டானியம் ஸ்க்ரூக்களை வெச்சு, எலும்பு பிடிக்கிற வரைக்கும் மாசக்கணக்கில் காத்திருந்து, அப்புறம் பல் பொருத்தினாங்க. 2006-ல் அவர் இறக்கும்வரை, அதாவது 40 வருஷத்துக்கு மேல, அந்த இம்பிளாண்ட்டுகள் தாக்குப்பிடிச்சது.

இவ்வளவுக்கும் ஸ்வீடன் பல் மருத்துவ உலகம் பல வருஷம் அவரை நம்பலை. 1981-ல் 15 வருஷ சிகிச்சை முடிவுகள் வெளியாகி, 1982-ல் டொரண்டோவில் மாநாடு நடந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஒண்ணு கவனிச்சீங்களா? அதுவரைக்கும் பெரும்பாலும் கேட்டதெல்லாம் ஸ்க்ரூவைப் பத்தி. நிக்குதா? ஆடுதா? எக்ஸ்ரேயில் எலும்பு குறையுதா? பல்லை வெச்சுக்கிட்டு வாழ்ற மனுஷன் எப்படி இருக்கார்ங்கிறது அப்புறம்தான் கணக்கில் வந்தது.

1994-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த ஸ்லேட், ஸ்பென்சர் ரெண்டு பேரும் 49 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டாங்க. பல்லால சாப்பாட்டை ஒதுக்குறீங்களா, சிரிக்கத் தயங்குறீங்களா, வெளியே போறதைத் தவிர்க்கிறீங்களா, இப்படியான கேள்விகள். இம்பிளாண்ட் ஆய்வுகளிலும் இந்தப் படிவம் புழக்கத்துக்கு வந்தது.

பல் எல்லாம் விழுந்தா தாடை எலும்பு வருஷா வருஷம் கரையும். மேல்செட் அண்ணத்தில் ஒட்டி ஓரளவு நிக்கும். கீழ்செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, ஆடும். அதனாலதான் 2002-ல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடின நிபுணர்கள் ஒரு முடிவு சொன்னாங்க: பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு, ரெண்டு இம்பிளாண்ட் வெச்சு அது மேல செட்டை மாட்டுறதுதான் முதல் தேர்வா இருக்கணும். வரிசை முழுக்க இம்பிளாண்ட் தேவையில்லை, ரெண்டு போதும்.

இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது ஆச்சிக்கு போன் போட்டேன். அந்தப் படிவத்தில் இருக்கிற மாதிரி நாலஞ்சு கேள்வி கேட்டேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வந்தது. முறுக்கைத் தண்ணியில ஊறவெச்சுத் தின்னது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராம, வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டது. சிரிச்சா கீழ்செட் கழண்டு விழுந்துரும்னு வாயைப் பொத்தினது.

"ஏன் ஆச்சி சொல்லவே இல்ல?"

"நீ இப்பதானல கேக்க."

அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறோம். எலும்பு போதுமா இருக்கான்னு ஸ்கேன் பார்க்கணும், சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும், செலவும் சின்னது இல்லை. வெச்ச பிறகு தினமும் சுத்தம் பண்ணலைன்னா சுத்தி இருக்கிற ஈறு கெட்டு எலும்பும் போகும். எல்லாருக்கும் சரிப்படும்னு சொல்ல முடியாது. ஆச்சிக்கு ஆகுமான்னு டாக்டர்தான் சொல்லணும்.

உங்க வீட்டுலயும் யாராவது வாயைப் பொத்திச் சிரிச்சா, இன்னைக்கு ராத்திரி ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.