கோயில் சுவரில் ஒரு கேள்வி

காஞ்சி மாநகருக்கு நாள்தோறும் வருவோர் இரு வகையினர். பட்டு வாங்க வருவோர் ஒரு வகை; பரமனைக் காண வருவோர் மற்றொரு வகை. பட்டு வாங்க வந்தவர் கரையின் அழகைப் பார்க்கிறார், சரிகையின் எடையைப் பார்க்கிறார். தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து அதை நெய்தவர் யாரென்று கேட்பதில்லை. பரமனைக் காண வந்தவர் கருவறையைப் பார்க்கிறார், கற்பூர ஒளியைப் பார்க்கிறார். சுற்றி வரும்போது தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சுவரைப் பார்ப்பதில்லை. இருவரும் மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகின்றனர். காஞ்சியைக் கண்டோம் என்று கூறுகின்றனர்!

மூன்றாவது வகையினரும் உண்டு. எண்ணிக்கையிலே மிகச் சிலர். அவர் கையிலே குறிப்பேடு இருக்கும், நாவிலே ‘ஏன்?’ என்ற சொல் இருக்கும். வணங்கவும் வரார், வாங்கவும் வரார்; அறிய வருவார். பல்கலைக் கழகத்து ஆய்வு மாணவர் அவர். அத்தகைய ஒருவர் 1930-களில் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றிலே நின்று, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மக்கள் கடந்து சென்ற சுவரை நிறுத்திப் பார்த்தார். அவர் ஒரு பெண். பெயர் சி. மீனாட்சி.

ஒரு பெண் பட்டப் படிப்பை முடிப்பதே அரிதாயிருந்த காலம் அது. 1905-இல் பிறந்த மீனாட்சி இளமையிலேயே தந்தையை இழந்தவர். தாயின் துணிவால் படித்தவர். முதுகலை படிக்க விரும்பியபோது, ஆடவர் பயிலும் கல்லூரியில் பெண்ணுக்கு இடமேது என்று கதவு சாத்தப்பட்டது. உடன்பிறந்தவர் உறுதி கூறிய பிறகே அக்கதவு திறந்தது. அறிவு வேண்டும் என்று கேட்டவளுக்கு ஆண்மகன் ஒருவனின் உறுதிமொழி தேவைப்பட்டது! ஆனால் திறந்த கதவின் வழியே நுழைந்தவர் அடைந்த இடம் எது? 1936-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற இடம். பல்லவர் ஆட்சியில் நிலவிய அரசியலையும் சமுதாய வாழ்வையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூலைப் பல்கலைக் கழகமே 1938-இல் வெளியிட்டது. மன்னர்களின் போர்ப் பட்டியலோடு அவர் நிற்கவில்லை. ஊராட்சி எப்படி நடந்தது, ஏரிநீர் எப்படிப் பங்கிடப்பட்டது, கல்விக் கூடங்கள் எவ்வாறு இயங்கின, இசையும் கூத்தும் எந்நிலையில் இருந்தன என்றெல்லாம் கேட்டார்.

அத்தகையவரின் கண்ணில்தான் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர் பட்டது. எட்டாம் நூற்றாண்டிலே இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த கோயில் அது. திருச்சுற்றின் உட்சுவர் நெடுகிலும் இரண்டு வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். யானைகள், குதிரைகள், போர்கள், முடிசூட்டு விழாக்கள். அவற்றைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? புராணக் கதை என்றனர். கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தனர். கோயிலில் இருப்பதெல்லாம் தெய்வத்தின் கதையாகத்தான் இருக்கவேண்டும் என்ற பொது நம்பிக்கை கண்ணை மறைத்தது. கண்ணெதிரே இருப்பதைக் காணவொட்டாமல் தடுக்கும் வல்லமை நம்பிக்கைக்கு உண்டு.

சிற்பங்கள் சிலவற்றின் அடியில் எழுத்துகள் இருந்தன. கல்வெட்டுத் துறையினர் அவற்றை முன்பே படியெடுத்திருந்தனர். மீனாட்சி அந்த எழுத்தைச் சிற்பத்தோடும், சிற்பத்தைச் செப்பேடுகள் கூறும் அரச மரபோடும் இணைத்து, சுவரை ஒரு நூலைப் படிப்பதுபோல் வரிசையாகப் படித்தார். படித்தபோது வெளிப்பட்டது பல்லவர் குலத்தின் வரலாறு. தொடக்கத்தில் திருமாலும் பிரமனும் முனிவரும் வருகின்றனர். எந்த அரச மரபுதான் தன்னைத் தெய்வத்தின் வழிவந்ததாகக் கூறிக்கொள்ளவில்லை? ஆனால் மேலே செல்லச் செல்லத் தெய்வங்கள் மறைகின்றனர், மனிதர் வருகின்றனர்.

அந்த மனிதர்கள் நிகழ்த்தியது என்ன? இரண்டாம் பரமேசுவரவர்மன் மாண்டான். நாடு அரசனின்றி நின்றது. அப்போது ஒரு தூதுக் குழு புறப்படுகிறது. மாத்திரர் என்போர் அதில் உளர். மூலப்பிரகிருதிகள் உளர், குடிமக்கள் என்று இச்சொல்லுக்கு ஆய்வாளர் சிலர் பொருள் கூறுவர். கடிகையார் உளர், அதாவது காஞ்சியின் உயர் கல்விக்கூடமாம் கடிகையைச் சேர்ந்தவர்கள். பல்லவரின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று, எங்களுக்கு ஓர் அரசனைத் தாரும் என்று கேட்கின்றனர். இரணியவர்மன் தன் புதல்வர் நால்வரை வினவுகிறான். மூவர் மறுக்கின்றனர். நான்காமவன், பன்னிரண்டு வயதுச் சிறுவன் பல்லவமல்லன், நான் போகிறேன் என்கிறான். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சி வந்து, நந்திவர்மன் என்ற பெயரோடு முடிசூடுகிறான்.

படித்ததும் நமக்கெல்லாம் உள்ளம் துள்ளுகிறதல்லவா? மேடையேறி முழங்கத் தோன்றுகிறதல்லவா? “பாரீர்! ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன்பே மன்னனை மக்கள் தேர்ந்தெடுத்தனர்! கோயில் சுவரே சான்று!” என்று கூறினால் கைத்தட்டல் வானைப் பிளக்கும்.

ஆனால் ஆய்வு மாணவர் நம் தோளைத் தொட்டு நிறுத்துகிறார். “இருங்கள், அந்தச் சுவரை எழுப்பியது யார்?” என்று கேட்கிறார்.

எழுப்பியவன் நந்திவர்மன். தன்னை அழைத்து முடிசூட்டினர் என்று கூறுவது முடிசூடியவனின் கல். மறுபக்கத்தில் அவன் காலத்து உதயேந்திரம் செப்பேடு நிற்கிறது. நந்திபுரத்தில் அவன் முற்றுகையிடப்பட்டுக் கிடந்தான் என்றும், உதயசந்திரன் என்ற படைத்தலைவன் வந்து அவனை மீட்டான் என்றும், பல்லவ அரசன் சித்திரமாயனைக் கொன்றான் என்றும் அது கூறுகிறது. பல்லவனை எதிர்த்து இன்னொரு பல்லவன்! எல்லாரும் ஒருமனதாக அழைத்தனர் என்றால் இந்தப் போர் ஏன்? சுவர் அதற்கு விடை கூறவில்லை. அழைக்கச் சென்ற கடிகையாரோ வேதக் கல்வி பயின்றோர். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அந்தக் கூடத்தில் இடமில்லை. அவர்கள் வாய்மொழியை ஊர் முழுவதன் வாய்மொழி என்று கொள்ள முடியுமா?

இங்கேதான் ஆய்வின் அருமை விளங்குகிறது. புராணம் என்று நம்பியவனுக்கு, வரலாறு என்று அது காட்டியது. வரலாறு என்று மகிழ்ந்த நமக்கு, வென்றவன் எழுதிய வரலாறு என்று எச்சரித்தது. பிறர் நம்பிக்கையை உடைக்க மட்டும் பயன்படும் கருவி பகுத்தறிவு ஆகாது. நமக்கு இனிக்கும் முடிவையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் நெஞ்சுரம் வேண்டும்.

காஞ்சியின் நெசவாளர் பற்றியும் கல் பேசுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், விசயநகர ஆட்சிக் காலத்தில், காஞ்சிக் கைக்கோளருக்குப் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை இருந்தது. அந்த உரிமையே மற்ற ஊர்க் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டது என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. பெருமை என்று சிலர் கொள்வர். எண்ணிப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் உடை நெய்தவன், பல்லக்கில் ஏறவும் சங்கை எடுத்து ஊதவும் ஒப்புதல் பெறவேண்டிய சமுதாயம் எத்தகையது? சலுகையைக் குறிக்கும் கல், அது மறுக்கப்பட்டிருந்த காலத்தையும் சேர்த்தே குறிக்கிறது.

ஆனால் தறியில் அமர்ந்தவனுக்கு எவ்வளவு கடன், ஏர் பிடித்தவனுக்கு என்ன கூலி என்று கல்வெட்டைக் கேட்டுப் பயனில்லை. உயிரோடிருக்கும் மனிதரைத்தான் கேட்கவேண்டும். அதற்கும் காஞ்சிக்கு அருகிலேயே வழி திறக்கப்பட்டது. பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் தூசி என்ற சிற்றூர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களில் ஒன்று தூசி. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எத்தனை என்று மாணவர்கள் எழுதி வந்தவை 1918-இல் நூலாயின. 1930-களில் பல்கலைக் கழகத்தார் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் தூசிக்குச் சென்றனர். ஒரே ஊரை மூன்று தலைமுறை மாணவரும் ஆசிரியரும் கேள்வி கேட்டதால், இந்த நாட்டின் சிற்றூர் எவ்வாறு மாறியது, எங்கே மாறாமல் நின்றது என்பதை ஊகத்தால் அல்லாமல் கணக்கால் பேச நமக்கு இயல்கிறது.

மீனாட்சியின் வாழ்வோ நெடிது நிலைக்கவில்லை. பட்டம் பெற்ற பின்னும் பணிக்காகக் காத்திருந்தவருக்கு 1939-இல் பெங்களூர் மகாராணி கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 34 வயதில் மறைந்தார். வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள் பற்றிய அவர் நூல் 1941-இல்தான் அச்சேறியது. எழுதியவர் அதைக் காண உயிரோடில்லை. அவர் படித்த சுவர் இன்றும் நிற்கிறது. எழுத்துகள் தேய்கின்றன, மணற்கல் உதிர்கிறது.

இளைஞர்களே! ஆய்வு என்பது பட்டம் பெறுவோருக்கு மட்டும் உரிய பணி என்று ஒதுங்கவேண்டாம். உங்கள் தெருவில் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. ஊர் ஓரிடத்திலும் சேரி வேறிடத்திலும் இருப்பதேன்? நெசவாளரின் மகன் தறியை விட்டு இறங்குவதேன்? இறங்காமல் இருப்பவருக்கு முன்பணக் கடன் எவ்வளவு? கோயில் திருவிழாவில் யார் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை எப்போது, யார் வகுத்தனர்? பாட்டியைக் கேளுங்கள், தறிக்காரரைக் கேளுங்கள், பதிலளிக்க அஞ்சுபவரை இருமுறை சென்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். நமது கொள்கைக்கு ஒவ்வாத விடை வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

நாம் காஞ்சிக்கு மறுமுறை செல்லும்போது அந்தத் திருச்சுற்றிலே சற்று நிற்போம். அதற்கென வந்து நின்ற மாணவி ஒருத்தியை நினைப்போம். பிறகு சுவரைப் பார்ப்போம், பார்த்தபின் கேட்போம்.