மலம்புழாவின் வி.எஸ். அச்சுதானந்தன்: எல்லை மலைகளில் நிலத்துக்கும் நீருக்கும் நடந்த அரை நூற்றாண்டு அரசியல்

மூணாறு: 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 13. கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து, மூணாறு நகரின் நடுவே ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்ந்திருந்தனர். கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள், பெரும்பாலோர் தமிழர்கள். 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் ஒரு வாரத்தைக் கடந்திருந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் அங்கு வரக் கூடாது என்பதில் அந்தப் பெண்கள் உறுதியாக இருந்தனர். தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினரும் திருப்பி அனுப்பப்பட்டார். அன்று அவர்கள் தங்கள் நடுவே அமர இடம் கொடுத்த அரசியல் தலைவர், 92 வயதை நெருங்கிக்கொண்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். தீர்வு வரும்வரை அங்கிருந்து நகரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு அவர் அமர்ந்தார். அன்றிரவே, போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வழங்க நிர்வாகம் இசைந்தது.

ஆலப்புழாவின் கடலோரத்தில் பிறந்த ஒருவர் தமிழ்ப் பெண்களின் போராட்டக் களத்தில் இந்த நம்பிக்கையைப் பெற்றது ஒரே நாளில் நடந்ததல்ல. அதே நேரத்தில், முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் தேனி, மதுரை மாவட்ட விவசாயிகள் தங்களுக்கு எதிரானவராகக் கண்டதும் இவரைத்தான். கேரளத்தின் எல்லை மாவட்டங்களான பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அவருடைய பொதுவாழ்வை அறிய வேண்டுமானால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தையல் கடையிலிருந்து கட்சிக்கு:

1923 அக்டோபர் 20 அன்று ஆலப்புழாவை அடுத்த புன்னப்புராவில் பிறந்தார் அச்சுதானந்தன். தாயை நான்கு வயதிலும் தந்தையைப் பதினொரு வயதிலும் இழந்தார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணனின் தையல் கடையில் உதவியாளராகவும், பின்னர் கயிறு தொழிற்சாலையில் தொழிலாளியாகவும் வேலை பார்த்தார். 1940-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த அவரை, கட்சியின் முன்னோடித் தலைவர் பி. கிருஷ்ண பிள்ளை குட்டநாட்டுக்கு அனுப்பினார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்த நெல்வயல்களில் கூலி வேலை செய்தவர்களைச் சங்கமாகத் திரட்டுவதே அவருக்கு இடப்பட்ட பணி.

1946-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தை உலுக்கிய புன்னப்புரா - வயலார் எழுச்சியைத் தொடர்ந்து, மலையடிவாரத்தில் உள்ள பூஞ்சாரில் அவர் கைது செய்யப்பட்டார். காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதையில் துப்பாக்கி முனைக் கத்தி அவரது பாதத்தைத் துளைத்தது. இறந்துவிட்டார் என்று காவலர்கள் கருதியதாகவும், மூச்சு இருப்பதைக் கவனித்து அவரைக் காப்பாற்றியவர் திருட்டு வழக்கில் பிடிபட்டிருந்த ஒரு கைதி என்றும் கேரளத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. சிறையில் ஐந்தாண்டுகளுக்கும் மேலும், தலைமறைவில் ஏறக்குறைய நாலரை ஆண்டுகளும் கழித்தார்.

1964-இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் அவரும் ஒருவர். 1980 முதல் 1992 வரை கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தார். 1985-இல் அரசியல் தலைமைக்குழுவில் இடம்பெற்றார்.

ஏழு வெற்றிகள், மூன்று தோல்விகள்:

தேர்தல் களம் அவருக்கு எளிதாக வசப்படவில்லை. 1965-இல் அம்பலப்புழாவில் முதல் முறை போட்டியிட்டுத் தோற்றார். அதே தொகுதியில் 1967-லும் 1970-லும் வென்றார். 1977-இல் மீண்டும் தோல்வி. 1991-இல் மாராரிக்குளத்திலிருந்து பேரவைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே எதிர்க்கட்சித் தலைவரானார். 1996-இல் இடதுசாரி முன்னணி வென்றால் அவரே முதலமைச்சர் என்று பேசப்பட்ட நிலையில், முன்னணி வென்றது. அவர் மாராரிக்குளத்தில் தோற்றார். சொந்தக் கட்சியினரே காலை வாரினர் என்ற பேச்சு அன்று பரவலாக எழுந்தது. ஈ.கே. நாயனார் முதலமைச்சரானார்.

2001-இல் அச்சுதானந்தன் பாலக்காடு மாவட்டத்தின் மலம்புழா தொகுதிக்கு இடம் மாறினார். ஏற்கெனவே நாயனார் வென்றிருந்த தொகுதி அது. தமிழகத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் கட்டப்பட்ட மலம்புழா அணையை, 1955-இல் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராஜர். தொகுதியின் கிழக்கு விளிம்பில் வாளையாறு. அதைக் கடந்தால் கோவை மாவட்டம்.

முதல் தேர்தலில் அவருக்குக் கிடைத்த வாக்கு வித்தியாசம் 5 ஆயிரத்தையும் எட்டவில்லை. அதன் பிறகு அது ஒவ்வொரு தேர்தலிலும் உயர்ந்தது. 2006-லும் 2011-லும் 20 ஆயிரத்தைத் தாண்டியது. 92 வயதில் சந்தித்த 2016 தேர்தலில் 27 ஆயிரத்தைக் கடந்தது. 2006-இலும் 2011-இலும் அவருக்கு வாய்ப்பளிக்கக் கட்சித் தலைமை முதலில் தயங்கியது. தொண்டர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கிய பின்னரே அவர் பெயர் வேட்பாளர் பட்டியலில் ஏறியது. கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு கட்சியில் இது அபூர்வமான காட்சி.

பிளாச்சிமடாவின் கிணறுகள்:

மலம்புழாவிலிருந்து தென்கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள சிற்றூர் பிளாச்சிமடா. 2000-இல் அங்கு கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கிணற்று நீர் வற்றியதாகவும், எஞ்சிய நீரும் குடிக்க இயலாததாக மாறியதாகவும் சுற்றுவட்டாரப் பழங்குடிக் குடும்பங்கள் புகார் கூறின. 2002 ஏப்ரலில், மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்ணின் முன்னிலையில் ஆலை வாசலில் தொடர் போராட்டம் தொடங்கியது. அந்த ஆலைக்கு அனுமதி கிடைத்தது இடதுசாரி ஆட்சிக் காலத்தில்தான் என்பதால், தொடக்கத்தில் பெரிய கட்சிகள் எதுவும் போராட்டப் பந்தல் பக்கம் வரவில்லை. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அச்சுதானந்தன் பின்னர் போராட்டத்துக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். கட்சியின் தயக்கத்தை மீறி மக்கள் பிரச்சினையை எடுத்துக்கொள்பவர் என்ற பெயர் அவருக்கு அமைந்தது இத்தகைய களங்களில்தான்.

2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2006-இல் முதலமைச்சரான அச்சுதானந்தன், அதே ஆண்டு ஆகஸ்டில் கோகோ கோலா, பெப்சி பானங்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் மாநிலம் முழுவதும் தடை விதித்தார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அவசரத்தில் எடுத்த முடிவு அது என்ற விமர்சனத்தை மறுப்பது கடினம்.

அடுத்து வந்த முயற்சி நிதானமானது. அவரது அரசு அமைத்த உயர்நிலைக் குழு, பிளாச்சிமடாவின் மண், நீர், உடல்நலம், வேளாண்மை ஆகியவற்றுக்கு நேர்ந்த இழப்பை ரூ.216 கோடி என மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011 பிப்ரவரியில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆலையை மீண்டும் திறக்கப்போவதில்லை என்று 2017-இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. போராட்டத்தைத் தொடங்கி வைத்த மயிலம்மா 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

மூணாறில் இடிப்பு நடவடிக்கை:

இடுக்கி மலைகளுடனான அவரது தொடர்பு மதிகெட்டான் சோலையில் வலுப்பெற்றது. தேனி மாவட்டத்தை ஒட்டி, உடும்பன்சோலை வட்டத்தில் உள்ள அந்தக் காடு ஆக்கிரமிக்கப்படுவதாகப் புகார் எழுந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக அவர் நேரில் சென்று காட்டுக்குள் நடந்து பார்வையிட்டார். எண்பதை நெருங்கிய மனிதர் காட்டுப் பாதையில் ஏறிச் செல்லும் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பிடித்தன. மதிகெட்டான் பின்னர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

முதலமைச்சரான மறு ஆண்டே, 2007 மே மாதத்தில், மூணாறில் ஆக்கிரமிப்பு அகற்றும் நடவடிக்கை தொடங்கியது. கே. சுரேஷ் குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயண சுவாமி ஆகிய மூன்று அதிகாரிகளின் தலைமையில் சென்ற சிறப்புக் குழு, ஒரு மாதத்துக்குள் 90-க்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்தது. பல மாடி விடுதிகள் இயந்திரங்களின் முன் சரிந்ததைக் கேரளமே தொலைக்காட்சியில் பார்த்தது. கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மூணாறு அலுவலகத்தையும் இயந்திரம் நெருங்கியதும் நிலைமை மாறியது. அக்கட்சியும், மார்க்சிஸ்ட் கட்சியின் இடுக்கி மாவட்டத் தலைமையும் கடுமையாக எதிர்த்தன. நடவடிக்கை படிப்படியாக ஓய்ந்தது. சில விடுதிகள் இடிக்கப்பட்ட முறை சட்டப்படியானதல்ல என்று 2014-இல் உயர் நீதிமன்றம் கூறியது.

அதே 2007 மே மாதத்தில், பொதுவெளியில் ஒருவரையொருவர் விமர்சித்ததற்காக அச்சுதானந்தனும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனும் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து ஒருசேர இடைநீக்கம் செய்யப்பட்டனர். பின்னர் இருவரும் திரும்பச் சேர்க்கப்பட்டாலும், 2009-இல் அச்சுதானந்தன் அக்குழுவிலிருந்து முற்றிலுமாக நீக்கப்பட்டார். முதலமைச்சராகவே நீடித்தார்.

மூணாறின் தேயிலைத் தொழிலாளர்களுக்கு இந்த நடவடிக்கையால் நேரடியாக நிலம் கிடைக்கவில்லை. தலைமுறைகளாக அவர்கள் வாழ்வது நிறுவனத்தின் லயங்களில்தான்; ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆனால் பெரிய கைகளில் உள்ள நிலத்தைப் பற்றி மூணாறிலேயே நின்று உரக்கப் பேசிய முதலமைச்சர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ‘பெம்பிளை ஒருமை’ போராட்டத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்புக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தின்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500 ரூபாய். போனஸ் வென்றது, கூலி பின்னர் 301 ரூபாயாக மட்டுமே உயர்ந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டு சென்றபோது, புதையுண்டவை அதே வகை லயங்கள்தாம்.

முல்லைப் பெரியாறு:

இடுக்கி மாவட்டத்தில் நின்றாலும் தமிழகத்தின் பாசனத்துக்காக 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. 1886-இல் கையெழுத்தான 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தத்தின் கீழ், தேனி தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்கள் பயனடைகின்றன. 2006 பிப்ரவரியில் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்ததும், அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து 136 அடியில் நிறுத்தியது. சில மாதங்களில் ஆட்சிக்கு வந்த அச்சுதானந்தன் இதில் முந்தைய அரசின் நிலைப்பாட்டையே தொடர்ந்தார். பழைய அணை பாதுகாப்பற்றது, புதிய அணை வேண்டும் என்பதே அவரது வாதம். 2006 நவம்பரில் டெல்லியில் முதலமைச்சர் கருணாநிதியுடன் நடந்த பேச்சும் பலன் தரவில்லை. அணை பாதுகாப்பானதே என்று 2014 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கேரளத்தின் சட்டத்திருத்தத்தையும் ரத்து செய்தது.

பிளாச்சிமடாவில் நிலத்தடி நீருக்காக நின்றவர், கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கான நீரை வேறு கண்ணால் பார்த்தார் என்று தமிழக விவசாயச் சங்கங்கள் குறை கூறியதில் நியாயம் இருந்தது. கேரள அரசியலில் பெரும்பாலான கட்சித் தலைவர்கள் இந்த விஷயத்தில் மாறுபட்டுப் பேசியதில்லை என்பதும் உண்மை.

ஆட்சியும் அதற்குப் பிறகும்:

82 வயதில் முதலமைச்சரான அவரது ஆட்சியின் நிலைத்த தடம் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். 1990-களில், நெல்வயல்களை வேறு பயிருக்கு மாற்றுவதை எதிர்த்து அவர் முன்னெடுத்த இயக்கத்தில் பயிர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டபோது, ‘வெட்டி நிரத்தல்’ என்று ஊடகங்கள் அவரைக் கேலி செய்தன. பத்தாண்டுகள் கழித்து அந்தக் கோரிக்கையே சட்டமானது.

2011 தேர்தலில் இடதுசாரி முன்னணி 140 இடங்களில் 68 பெற்று, நான்கு இடங்கள் வித்தியாசத்தில் ஆட்சியை இழந்தது. அச்சுதானந்தன் மூன்றாவது முறையாக எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தப் பொறுப்பில் மிக நீண்ட காலம் இருந்தவர் கேரளத்தில் அவரே. 2012-இல் கட்சியிலிருந்து பிரிந்த டி.பி. சந்திரசேகரன் கொல்லப்பட்டபோது, இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நாளன்றே அவரது மனைவி கே.கே. ரமாவைச் சந்தித்து ஆறுதல் கூறியது கட்சிக்குள் புயலைக் கிளப்பியது. 2015 ஆலப்புழா மாநில மாநாட்டிலிருந்து பாதியில் வெளியேறினார். ஆனால் கட்சியை விட்டு ஒருபோதும் விலகவில்லை.

2016-இல் முதலமைச்சர் பதவி பினராயி விஜயனுக்குச் சென்றது. அச்சுதானந்தன் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக்கப்பட்டார். 2019 அக்டோபரில் ஏற்பட்ட பக்கவாதம் அவரைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கியது. 2021 ஜனவரியில் ஆணையப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு தேர்தலில் மலம்புழாவை அவரது கட்சியின் ஏ. பிரபாகரன் தக்க வைத்தார்.

2025 ஜூலை 21 அன்று, 101 வயதில், திருவனந்தபுரத்தில் அச்சுதானந்தன் காலமானார். ஆலப்புழாவுக்குப் புறப்பட்ட இறுதி ஊர்வலம், மழையிலும் நள்ளிரவிலும் சாலையோரம் காத்திருந்த கூட்டத்தால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நகர்ந்தது. ஜூலை 23 மாலை, புன்னப்புரா - வயலார் தியாகிகள் துயிலும் வலிய சுடுகாட்டில் அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.