வாளேந்திய காவலரும் ஆவியின் பட்டயமும்

நெல்லித்தோப்பிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் அமைந்த வில்லியனூர், சுடுமண் சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தமிழகச் சிற்றூர்களின் எல்லையில் ஐயனாருக்கு நேர்ந்துவிடப்படும் மண்குதிரைகளையும், அவற்றினருகே வாளும் அரிவாளும் தாங்கி நிற்கும் வீரர் உருவங்களையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவ்வாயுதங்கள் போர்க்களம் காணாதவை, வணங்கப்படுபவை. வணங்குவோர் அவற்றினின்று மனத்துணிவு பெறுகின்றனர். இத்துணிவின் இயல்பை ஆராய்வது அருட்பணிக்கு இன்றியமையாதது.

வாளைப் போற்றும் மரபு தமிழரிடையே மிகப் பழையது. வேந்தனது வாளை வாழ்த்தும் வாள்மங்கலம் என்னும் துறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்பிடுகின்றது. வாளைப் புனித நீராட்டுவதைப் பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்துறையாகவே கூறும். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டனர். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திரௌபதி இரதத்தின் பின்சுவரில், கொற்றவையின் திருவடியருகே தன் தலையையே அரிந்து படைக்க முனையும் வீரன் ஒருவன் காணப்படுகின்றான். ஆகவே, இம்மரபில் வாளின் ஆற்றல் இரும்பில் மட்டும் அடங்கியதன்று. ஊருக்காக உயிரைத் தருவேன் என்னும் உறுதியே அதன் உட்பொருளாயிற்று.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்தடைந்த சீகன்பால்கு ஐயர், தம் தொடக்க காலத்தில் இதனை அறிந்திலர். வழியில் அம்மன் கோயில் ஒன்றைக் கண்டு, பக்தி வைராக்கியத்தால் அங்கிருந்த உருவங்கள் சிலவற்றைத் தள்ளி, சிலவற்றின் தலைகளை உடைத்தார். அவை வலிமையற்றவை என மெய்ப்பிப்பதே அவர் கருத்து. அங்கிருந்த ஒருவரோ, இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் போர்வீரர்களே என்று மறுமொழி கூறினார். இச்செய்தியைச் சீகன்பால்கே தம் கடிதத்தில் எழுதி வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் அவர் தமிழ் ஏடுகளைத் திரட்டிக் கற்றார், மக்களிடம் வினவினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை இயற்றி, ஐயனாரையும் கிராம தேவதைகளையும் அதில் விளக்கினார். ஹாலே நகரத்துத் தலைவர்கள் அதனை அச்சிட விரும்பவில்லை. 1867ஆம் ஆண்டில்தான் ஜெர்மான் என்பார் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். உடைத்த கையே எழுதுகோலை எடுத்தது. எனினும் நற்செய்தி அறிவிப்பதை அவர் கைவிட்டாரல்லர்.

திருமறையிலும் இத்தகைய வாள் ஒன்று உண்டு. கோலியாத்தை எதிர்கொண்டபோது தாவீதின் கையில் பட்டயம் இல்லை. ஆயினும் அவன் அஞ்சவில்லை. அப்பட்டயமோ நோபு ஊரில் ஏபோத்துக்குப் பின்னே துணியில் பொதிந்து காக்கப்பட்டது. அதற்கு நிகரில்லை என்று கூறித் தாவீது அதனைப் பெற்றுக்கொண்டான். அதே அதிகாரத்தில், காத் அரசனாகிய ஆகீசின்முன் அவன் மிகவும் பயந்து பித்தன்போல் நடித்ததையும் வாசிக்கிறோம் (1 சாமுவேல் 21). ஒப்பற்ற வாள் கைக்கு வந்த பின்னரும் அச்சம் அகலவில்லை.

சிறையிலிருந்து எழுதப்பட்ட எபேசியர் நிருபம் போர்வீரனின் படைக்கலங்களை ஒதுக்கவில்லை. அவற்றுக்கு உண்மை, நீதி, விசுவாசம் என்று புதுப்பொருள் தந்து, தேவவசனத்தையே ஆவியின் பட்டயம் என்கிறது. கெத்செமனேயில் பேதுருவின் வாளை உறைக்குள் போடச் சொன்ன ஆண்டவர், ஊருக்காக உயிர் தருதல் என்னும் பழைய வீரத்தைத் தம் சிலுவையில் நிறைவேற்றினார். ஆனால் பிறர் உயிரைக் கவராமல் நிறைவேற்றினார்.

எல்லைக்காவலரின் வாளை விட்டுத் திருச்சபைக்குள் வருபவர் ஒரு சிலையை மட்டும் விடுவதில்லை. நோய்க்கும் இருளுக்கும் பகைக்கும் எதிராகத் தமக்கிருந்த துணையையே விட்டு வருகிறார். அவரது பழைய நம்பிக்கையை எள்ளி நகையாடுவது எளிது. அவர் நோயுற்ற இரவில் அவர் இல்லம் சென்று, திருவசனத்தை வாசித்து, உடனிருந்து செபிப்பதே அருட்பணியாளரின் கடமை. அக்கடமையில் நாம் தவறினால், அவர் மீண்டும் எல்லைக்குச் செல்வதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.