பாதியும் கசப்பும்: கடல்வழி மாலைப்பொழுதின் சொற்கள்

1869ஆம் ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், இங்கிலாந்தில் ஏறிய பயணி எகிப்தில் இறங்கித் தரைவழி கடக்காமல், ஒரே கப்பலில் கீழைநாடு வந்து சேர வழி பிறந்தது. பி அண்டு ஓ முதலிய நிறுவனங்களின் நீராவிக் கப்பல்களில் முதல் வகுப்புப் பயணிக்குப் பல வாரங்கள் கடல்தான் வீடு. அந்நாளின் பொழுதுகளுள் அவர் மிகவும் விரும்பியது பகல் வெப்பம் தணிந்த வேளை. குளித்து, உடை மாற்றி, இரவு உணவுக்கு அழைப்பு வரும்வரை மேல்தளத்திலோ புகையறையிலோ கோப்பையுடன் அமர்ந்திருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது. அவ்வேளையின் உடையையும் இருக்கையையும் பற்றி எழுதியோர் பலர். அவ்வேளையில் புழங்கிய சொற்களையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

உயர்தரப் பயணம் என்றதும் ஆங்கிலத்தில் நினைவுக்கு வரும் சொல் 'போஷ்'. கிழக்கே செல்கையில் இடப்புற அறை, தாயகம் திரும்புகையில் வலப்புற அறை என்று வெயில் படாத பக்கத்தைச் செல்வர்கள் கேட்டுப் பெற்றனர் என்றும், அத்தொடரின் நான்கு முதலெழுத்துகள் சேர்ந்தே இச்சொல் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. அக்கதை கேட்க இனியது. சான்று மட்டும் இல்லை. அவ்வெழுத்துகள் பொறித்த பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கதையும் 1930களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. சொல்லோ அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. சொல்லுக்குப் பின்னர் பொருத்தப்படும் இத்தகைய விளக்கத்தை மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என்பர். 19ஆம் நூற்றாண்டு இலண்டன் கொச்சை வழக்கில் 'போஷ்' சில்லறைக் காசைக் குறித்தது. ரோமானி மொழியில் 'பாதி' என்னும் பொருள்படும் சொல்லோடு, அரைக்காசின் வழியாக, அதனை இணைப்போர் உளர். ரோமானி, இந்திய மண்ணிலிருந்து நாடோடிகளோடு மேற்கே சென்ற மொழி. செல்வச் செழிப்பைக் குறிக்கும் சொல் ஏழை நாடோடிகளின் அரைக்காசிலிருந்து வந்திருக்குமாயின், மொழிக்கும் நகைச்சுவை உண்டு என்றே கொள்ளலாம்.

பாதியைக் குறிக்கும் மற்றொரு சொல் மலாயாவில் காத்திருந்தது. விஸ்கி பாதி, சோடா பாதி கலந்த பானத்துக்கு இங்கிருந்த ஆங்கிலேயர் 'ஸ்டெங்கா' என்று பெயரிட்டனர். மலாய்மொழியின் 'செதெங்கா' என்னும் சொல்லே அது, பொருள், பாதி. கசப்புச் சாறு சேர்த்த ஜின்னுக்கு 'பாஹிட்' என்று பெயர். அதுவும் கசப்பு என்னும் மலாய்ச் சொல்லே. 1921ஆம் ஆண்டு இங்கு வந்த சாமர்செட் மாம் எழுதிய மலாயாக் கதைகளில் இவ்விரு பானங்களும் வராத மாலைப்பொழுது அரிது. ஞாயிறு அப்போது கடிகாரத்தில் ஆறு மணியை ஒட்டி மறைந்தது. இன்று ஏழு மணியளவில் மறைவதற்குக் காரணம், 1933இல் தொடங்கி 1982வரை படிப்படியாக நடந்த நேர மாற்றம். பழைய நூல்களைப் பாடம் நடத்துவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

இச்சொற்கள் எவ்வகையின என்பதே நம் வினா. மலாய்மொழியிலிருந்து ஏறியவை அளவும் சுவையும்: ஏவலாளரிடம் குரல் கொடுப்பதற்கு வேண்டிய அளவு மலாய். தமிழிலிருந்து ஏறியவை பண்டங்கள். கோப்பையோடு கையில் இருந்த 'செரூட்' நம் சுருட்டு. உணவு மேசையில் முதலில் வந்த 'மல்லிகட்டானி' நம் மிளகுத் தண்ணீர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் இலண்டன்வரை எட்டியிருந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையில் துப்பறிவாளர் அதன் சாம்பலைக் கண்டே இனம் பிரிக்கிறார். அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் இராஃபிள்ஸ் விடுதியும் திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கிய செல்வர்கள் மாலைப்பொழுதை அங்கே தொடர்ந்தனர். அவ்விடுதியின் புகழ்பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானத்தை 1915ஆம் ஆண்டளவில் உருவாக்கியவராகக் கூறப்படுபவர் ஞியாம் டோங் பூன் என்னும் ஹைனானியச் சீனர். பானத்தின் பெயரில் ஹைனானியம் ஒரெழுத்தும் இல்லை. கோப்பையை நிரப்பியவரின் மொழி கோப்பைக்குள் வரவில்லை.

தமிழர் இப்பயணத்தில் பண்டங்களின் பெயராக மட்டும் இருந்தவர் அல்லர். 1914இல் பி அண்டு ஓ நிறுவனத்தோடு இணைந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்கு 1926இல் 'ரஜூலா' கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஒரு வாரம் ஓடிய அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அவர்களுள் மேல்வகுப்பினர் மிகச் சிலர். ஏனையோர் தளத்தில் பாய் விரித்தவர்கள். மேலே கண்ணாடிக் கோப்பைகள் ஒலித்த அதே வேளை கீழேயும் வந்தது. கடற்காற்றும் ஒன்றே, மறையும் ஞாயிறும் ஒன்றே.

கீழே அவ்வேளைக்கு இருந்த சொல் 'மாலை'. தொல்காப்பியம் முல்லைக்குரிய சிறுபொழுதாக மாலையை வைத்தது. பிரிந்தவன் வரவுக்காக ஆற்றியிருக்கும் பொழுது அது. திருக்குறளிலோ 'பொழுதுகண்டு இரங்கல்' என்னும் அதிகாரம் முழுவதும் மாலையைக் கண்டு வருந்துவதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறிய ஒருவனுக்கு அந்நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் முன்னரே அறிந்திருந்தது. ஆயினும் இலக்கணம் அறிந்திருப்பது வேறு, அவனே என்ன சொன்னான் என்பது வேறு. மேல்தளத்தின் கொச்சைச் சொற்கள்கூட அகராதி ஏறிவிட்டன. கீழ்த்தளத்தில் பேசப்பட்ட தமிழ், உணவு வரிசைக்கும் படுக்கும் இடத்துக்கும் கடல்மயக்கத்துக்கும் அது வைத்துக்கொண்ட பெயர்கள், இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை என்பது நம் கருத்து.

இதற்கு ஆவணக் காப்பகம் வேண்டுவதில்லை. மாணவர்களின் வீடுகள் போதும். மாலையில் எங்கே அமர்ந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், அந்த இடத்தை எப்படி அழைத்தீர்கள் என்று தாத்தா பாட்டியைக் கேட்டு, அவர்கள் சொன்ன ஒலிப்பிலேயே, திருத்தாமல் எழுதிக்கொள்ளலாம். ரஜூலாவுக்குப் பின் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலின் பயணிகள் சேவை 1985ஆம் ஆண்டின் தீவிபத்தோடு நின்றது. அதில் இருபது வயதில் ஏறியவர் இன்று அறுபதை எட்டியிருப்பார். ரஜூலாவில் அதே வயதில் வந்தவருக்கு எழுபது கடந்திருக்கும்.