பழைய மதிப்பும் எதிர்கால மதிப்பும்: பலவீன நினைவகச் சிமுலேஷனின் வளர்ச்சி

பல இழைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்துக்கு 1979-இல் லெஸ்லி லாம்போர்ட் வகுத்த இலக்கணம் எளிமையானது. எல்லா இழைகளின் செயல்களும் ஏதோ ஒரு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல விளைவு அமைய வேண்டும். ஒவ்வோர் இழையின் உள்வரிசையும் அதில் குலையக் கூடாது. வேகத்தைத் துரத்திய பிராசசர்கள் இதற்குக் கட்டுப்படவில்லை; இந்தத் தளர்ந்த ஒழுங்கே பலவீன நினைவகம்.

‘தரவு’, ‘கொடி’ என்ற இரண்டு அட்டாமிக் (பல இழைகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் மதிப்பு குலையாத) மாறிகளிலும் தொடக்கத்தில் 0 இருப்பதாகக் கொள்வோம். முதல் இழை தரவில் 1 எழுதிவிட்டு, பிறகு கொடியில் 1 எழுதுகிறது. எல்லாமே ‘ரிலாக்ஸ்டு’ வகை, அதாவது மற்ற மாறிகளின் செயல்களோடு வரிசை உத்தரவாதம் தராதவை. மற்றோர் இழை கொடியில் 1-ஐக் கண்டபின் தரவைப் படிக்கிறது. ஆர்ம், பவர் பிராசசர்களில் அதற்கு 0 கிடைக்கலாம். எக்ஸ்86-இல், கம்பைலர் வரிசையை மாற்றாத வரை, கிடைக்காது. ஆகவே எக்ஸ்86 வகையான இன்டெல் மடிக்கணினியில் லட்சம் முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. சிமுலேஷனின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் எதைச் சிமுலேட் செய்வது? இழைகளை வெறும் நூலகமாகச் சேர்த்தால் போதாது, மொழியே நினைவக விதிகளை வகுக்க வேண்டும் என்று ஹான்ஸ் போம் 2005-இல் வாதிட்டார். அதன் பலனாக சி++11 தரநிலையில் அந்த விதிகள் இடம்பெற்றன. அவற்றுக்கு மார்க் பேட்டியும் சகாக்களும் 2011-இல் கணித வடிவம் தந்தனர். அதன்பின் சோதனைக் கருவிகள் வன்பொருளை விட்டு மொழியைப் பின்பற்றத் தொடங்கின. என் பார்வையில் இதுவே முக்கியமான திருப்பம்.

2013-இல் பிரையன் நோரிஸ், பிரையன் டெம்ஸ்கி உருவாக்கிய சிடிஎஸ்செக்கர் என்ற கருவி, சிறு நிரல்களின் சாத்தியமான நடத்தைகளை விடாமல் தேடியது. இன்னும் எழுதப்படாத மதிப்பைக்கூட, ‘பின்னால் எழுதப்படும்’ என்ற வாக்குறுதியின் பேரில் முன்கூட்டியே படிக்க அது இடம்கொடுத்தது. துணிச்சலான ஏற்பாடுதான், ஆனால் பெரிய நிரல்களுக்குத் தாங்காது.

2017-இல் கிறிஸ்டோபர் லிட்பரியும் ஆலஸ்டர் டொனால்ட்சனும் தேடலைக் கைவிட்டு, ஒரே ஓட்டத்தில் சூதாடினர். ஒவ்வோர் அட்டாமிக் மாறிக்கும் அதில் எழுதப்பட்டவற்றின் பட்டியல் ஒன்று வைக்கப்படுகிறது. படிக்கும்போது கடைசி மதிப்பையே தர வேண்டும் என்பதில்லை. விதி அனுமதிக்கும் பழைய மதிப்புகளில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தரலாம். அந்த இழை ஏற்கெனவே படித்ததைவிடப் பழையதைத் தரக் கூடாது; இந்தப் படிப்புக்கு முன்பே நடந்ததாக விதிப்படி உறுதியான எழுத்தைத் தாண்டியும் பின்னோக்கிப் போகக் கூடாது. மேலே சொன்ன நிரலில் ரிலீஸ்–அக்வயர் இணை (கொடியைக் கண்ட இழைக்கு அதற்கு முன் எழுதிய தரவும் தெரியும் என்று உறுதிசெய்யும் எழுத்து–படிப்பு இணை) இல்லாததால் 0 இன்னும் குலுக்கலில் இருக்கிறது. எக்ஸ்86 கணினியிலேயே பிழை வெளிப்பட்டுவிடக்கூடும். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் அளவுள்ள நிரல்களிலும் இந்த முறை ஓடியது. ரஸ்ட் மொழியின் சோதனைக் கருவியான மிரி இதே வழியை 2022-இல், சி++20 திருத்தங்களுக்கு ஏற்ப மாற்றி, எடுத்துக்கொண்டது.

இதற்குக் கொடுத்த விலை எதிர்கால மதிப்பு. நிரலை வரி வரியாக ஓட்டும் கருவிக்கு இன்னும் எழுதப்படாததைப் படிக்க வழியில்லை. இந்த விலக்கத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது: எந்தக் கணக்கும் உருவாக்காத மதிப்பு சூனியத்திலிருந்து முளைக்கும் சிக்கலைத் தடுக்க, ரிலாக்ஸ்டு படிப்பு அதற்குப் பின்வரும் எழுத்தோடு இடம்மாறுவதையே விலக்கலாம் என்று போமும் டெம்ஸ்கியும் 2014-இல் முன்மொழிந்திருந்தனர். எதிர்கால மதிப்புக்குக் கதவு திறந்த அதே டெம்ஸ்கி, வெய்யூ லுவோவுடன் 2021-இல் வெளியிட்ட சி11டெஸ்டர் கருவியில் அந்தக் கதவை அடைத்தார். பொறியியலாகப் பார்த்தால் சரியான பேரம். ஆனால் ஆர்ம் கட்டமைப்பு அந்த இடமாற்றத்தை இன்றும் அனுமதிக்கிறது. சி++ தரநிலையும் அதை விலக்கவில்லை. அந்த இடமாற்றத்தால் எழும் பிழை உள்ள நிரல் இக்கருவிகளில் எத்தனை முறை ஓடினாலும் தேறிவிடும்.